சென்னையில் ஒரு பழைய வீட்டின் பூர்வீகம்: வில்லங்கச் சான்றா, வாக்காளர் பட்டியலா?

மயிலாப்பூரிலோ ஜார்ஜ் டவுனிலோ நூறு வருஷத்தைத் தாண்டிய வீடு ஒன்றின் பூர்வீகத்தைத் தேடப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் "முதலில் ஒரு ஈ.சி. போட்டுப் பாருங்க" என்பார்கள். ஈ.சி. என்பது வில்லங்கச் சான்று, அந்தச் சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல். வீடு வாங்கப் போகிறவருக்கு அது சரியான யோசனை. வீட்டின் வரலாறு வேண்டும் என்பவருக்கு அது பாதி யோசனைதான்.

ஏனென்றால் எந்த நகர வீட்டுக்கும் இரண்டு வரலாறு உண்டு. யார் பேரில் இருந்தது என்பது ஒன்று, யார் குடியிருந்தார்கள் என்பது இன்னொன்று. சென்னையில் இந்த இரண்டும் ஒன்றாக இருந்த வீடுகள் குறைவு. திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாகக் குடியிருந்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது அவர் பெயரால்தான் நிற்கிறது. ஆனால் அவர் அங்கே வாடகைக்கு இருந்தவர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவாகியிருந்தால்தான் குடியிருப்பவர் பெயர் வில்லங்கத்தில் வரும். மாத வாடகைக்காரர் பெயர் வரவே வராது. உடைமை ஆவணத்தை மட்டும் நம்பினால் அந்த வீட்டின் முக்கியமான மனிதரே விடுபட்டுப் போவார். ஆகவே எந்தக் கேள்விக்கு எந்தக் காகிதம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும்

வில்லங்கச் சான்றின் பெரிய பலம், அது எளிதில் கிடைக்கும். பதிவுத்துறையின் இணையதளத்தில் பல அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகளை வீட்டிலிருந்தபடியே பார்த்துவிடலாம். அதற்கு முந்தையது வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். இன்று நடப்பில் இருப்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஆனால் பத்திரப் பதிவு என்பது 1860களிலேயே தொடங்கிவிட்டதால் பழைய புத்தகங்கள் அதற்கும் பின்னால் போகும். அசையாச் சொத்துகளுக்கான முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று 57ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்கு அந்த வீட்டில் பங்கு எதுவும் இருக்க வேண்டியதில்லை.

பலவீனம் என்னவென்றால், பதிவானது மட்டும்தான் அதில் வரும். அப்பா காலமாகி வீடு மகன்களுக்கு வந்தது, பதிவு செய்யாத உயிலில் மருமகளுக்குப் போனது, வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டது, எதுவும் வராது. சென்னைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலே அடமானம் ஆகும் என்று அனுமதித்தது. கடனில் மூழ்கிக் கிடந்த வீடு, வில்லங்கத்தில் ஒரு கறையும் இல்லாமல் தெரிவது இதனால்தான். அப்புறம், வில்லங்கத்தில் ஒரு கைமாற்றத்துக்கு ஒரு பதிவுதான்: எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை, எண், தேதி. ஏன் விற்றார்கள் என்பது அதில் இருக்காது. அதை நாம்தான் ஆண்டைப் பார்த்து யோசிக்க வேண்டும். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் வங்கி திவாலாகி எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஊரே காலியானது. இந்த இரண்டு தேதிகளை ஒட்டி ஒரு கிரயம் தென்பட்டால் அங்கே நின்று பார்ப்பது வீண்போகாது.

மூலப்பத்திரக் கட்டு, அதாவது வீடு முன்பு கைமாறியபோது எழுதிய பழைய பத்திரங்கள், இதற்கு நேர் எதிர். கிடைப்பது கஷ்டம், இன்றைய உரிமையாளர் மனம் வைத்தால்தான் உண்டு. ஆனால் கிடைத்தால் அது பேசும். ஒரு பழைய சுத்தக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சொத்து எப்படி வந்தது, பிதிரார்ஜிதமா (முன்னோர் வழி வந்ததா), சுயார்ஜிதமா (தானே சம்பாதித்ததா), யாரிடம் எந்த ஆண்டு வாங்கியது என்று முன்கதை முழுவதும் முதல் பக்கத்திலேயே இருக்கும். பதிவேடுகள் எட்டாத காலத்துப் பெயர்கள் பல சமயம் இந்த முன்கதையில்தான் அகப்படும். எழுத்து கொஞ்சம் மிரட்டும். மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, வருஷத்துக்கு ௵ என்று குறிகள் வரும். தொகை தமிழ் எண்ணில் இருக்கும். தமிழ் வருஷப் பெயர் மட்டும் போட்டிருந்தால் கவனம் தேவை. துன்மதி என்றால் 1861இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1921இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் இருக்கும் தலையைப் பார்த்தால் தீர்ந்தது: விக்டோரியா ராணியா, 1901க்குப் பிந்தைய எட்வர்டா, 1910க்குப் பிந்தைய ஜார்ஜா என்று தெரிந்துவிடும்.

பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். கதவு எண், கலெக்டர் சர்டிபிகேட் எண் (மனைக்குக் கலெக்டர் கொடுத்த சான்றின் எண்), பழைய சர்வே எண், ஆர்.எஸ். எண் (மறு சர்வே எண்), அப்புறம் நான்கு எல்லை. "கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் காலிமனை, வடக்கே தெரு, தெற்கே இன்னார் கொல்லை, இதற்குள்பட்ட மனையும் வீடும்." இந்த எல்லை வாசகத்துக்கு ஒரு அருமையான உபயோகம் உண்டு. உங்கள் வீட்டின் பத்திரம் தொலைந்திருந்தால் கிழக்கே உள்ள பக்கத்து வீட்டுப் பத்திரத்தின் நகலை எடுங்கள். அவருடைய மேற்கு எல்லையில் நிற்பவர் உங்கள் வீட்டுக்காரர். இடது, வலது, பின்புறம் என்று மூன்று வீடுகளின் எல்லைகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால், பதிவே ஆகாமல் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன கைமாற்றம்கூட எந்த ஆண்டுகளுக்கு நடுவில் நடந்தது என்று குறுகி வரும். வில்லங்கச் சான்று இந்த வேலையைச் செய்யவே செய்யாது. எனவே உடைமையாளர் வரலாற்றுக்கு என் ஓட்டு மூலப்பத்திரத்துக்கு. வில்லங்கத்தை அதில் உள்ள ஓட்டைகளைச் சரிபார்க்கும் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

நகர சர்வே பதிவேட்டையும் சொத்துவரி ரசீதையும் தனியாக ஒப்பிட அதிகம் இல்லை. எண்களைப் பொருத்திப் பார்க்க இரண்டும் வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயத்தில் சர்வே பதிவேடு தவிர்க்க முடியாதது: அடிமனை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் பல வீடுகளுக்கு நிலம் கோயிலுடையது, கட்டடம் குடியிருப்பவருடையது. இப்படிப் பிறர் நிலத்தில் வீடு கட்டியவர்களுக்காகவே 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இங்கே பத்திரத்தில் "கட்டடம் மட்டும்" என்று ஒருவர் பெயர் இருக்கும். சர்வே பதிவேட்டில் சாமி பெயர் இருக்கும். இரண்டும் முரண்படுவதாக நினைத்து ஒன்றைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டும் சரி.

உயர் நீதிமன்றத்து உயில் கட்டு

இதை யாரும் முதலில் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், சென்னை நகர எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு இதைவிடச் செழிப்பான ஒற்றைக் கோப்பு இல்லை. 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டத்திலிருந்து நெடுங்காலம், நகரத்துச் சொத்துக்கான இந்துக்களின் உயிலை உயர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. புரொபேட் என்று வக்கீல்கள் சொல்வது அதைத்தான். அந்த மனுவில் இறந்தவர் எந்தத் தேதியில் எந்த வீட்டில் இறந்தார், வாரிசுகள் யார், உறவு என்ன, வயது என்ன, சொத்துகளின் மதிப்பு என்ன எல்லாம் வரும். உயிலின் வாசகத்திலேயே "பின்கட்டில் என் விதவைத் தங்கை ஆயுள் உள்ளவரை இருந்துகொள்ள வேண்டியது" என்பது போன்ற ஏற்பாடு இருக்கும். அந்தத் தங்கையின் பெயர் வேறு எந்தக் காகிதத்திலும் வராது. பதிவுத்துறைப் புத்தகம் மௌனமாக இருக்கும் அதே மரணத்தை இந்தக் கோப்பு முழுசாகச் சொல்கிறது.

குறை இரண்டு. வசதியுள்ளவர்கள்தான் உயில் எழுதினார்கள். அடுத்து, தெருப் பெயரை வைத்துத் தேட முடியாது. இறந்தவர் பெயரும் உத்தேச ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும், நகல் வாங்க வக்கீல் துணையும் வேண்டியிருக்கும். அதனால்தான் முதலில் பத்திரம், பிறகு இது என்கிறேன்.

குடியிருந்தவர்களைத் தேடும்போது

இங்கிலாந்தில் வீட்டு வரலாறு தேடுகிறவர்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளே கிடைத்துவிடுகிறது. 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் திறக்கப்பட்டன. அமெரிக்காவில் அதே 2022இல் 1950ஆம் ஆண்டுத் தாள்கள் வந்தன. அதைப் பார்த்துவிட்டு இங்கே சென்சஸ் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டாம். 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் விவரங்களைப் பார்வைக்குத் தருவதில்லை.

அந்த இடத்தை நமக்கு நிரப்புவது வாக்காளர் பட்டியல். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலிருந்து வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பதால், சொந்தக்காரரும் வாடகைக்காரரும் ஒரே கதவு எண்ணின் கீழ் வருவார்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பாலினம் எல்லாம் இருக்கும். ஒரே எண்ணில் தொடர்பே இல்லாத ஐந்தாறு குடும்பங்கள் இருந்தால், அது ஒண்டுக் குடித்தன வீடாக இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு சங்கதியே வில்லங்கம் சொல்லும் கதையை மாற்றிவிடும்: ஒரே உரிமையாளர் பெயரில் நாற்பது வருஷம் அசையாமல் இருந்த வீட்டுக்குள் இத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள்! குறை, சிறுவர்கள் இருக்க மாட்டார்கள். பட்டியலைப் பிரித்திருக்கும் பாகங்களின் எல்லை தேர்தலுக்குத் தேர்தல் மாறும். சுதந்திரத்துக்கு முந்தைய பட்டியல்களில் சொத்து, வரி, படிப்பு போன்ற தகுதி உள்ளவர்களுக்கே இடம் என்பதால் சாதாரண வாடகைக்காரர் பெரும்பாலும் இல்லை.

அதற்கும் முந்திய காலத்துக்கு அசைலம் பிரஸ் அல்மனாக் என்ற ஆண்டு விவரத் தொகுப்பைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். நுங்கம்பாக்கத்துத் தோட்ட பங்களா என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். வெள்ளைக்கார அதிகாரிகளையும் வியாபாரிகளையும் நன்றாகப் பதிந்திருக்கிறது. தம்பு செட்டி தெருவிலோ பவழக்காரத் தெருவிலோ ஒரு வீடு என்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே அதைவிடப் பழைய தமிழ்ப் புத்தகங்களின் முகப்புப் பக்கத்தை நம்பலாம். வீட்டின் முன்பகுதியிலேயே அச்சுக்கூடம் நடத்தியவர்களும், வீட்டு முகவரியிலேயே புத்தகம் விற்றவர்களும் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் அச்சிட்டார்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இதைத் தேடுவது ஒரு தனி சந்தோஷம்.

எந்தப் பட்டியலை எடுத்தாலும் கதவு எண்ணும் தெருப் பெயரும் இடறும். பழைய எண், புதிய எண் என்று இரண்டு பலகை தொங்கும் ஊர் இது. கருப்பர் நகரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் ஆனது. எட்வர்ட் எலியட்ஸ் சாலை ராதாகிருஷ்ணன் சாலையானது, லாயிட்ஸ் சாலை அவ்வை சண்முகம் சாலையானது. 1970களின் பிற்பகுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுக்கச் சொன்னபோது பெயரில் பாதி மட்டும் மிஞ்சிய தெருக்கள் உண்டு. தேடத் தொடங்கும் முன் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் எண்களின் வரிசையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் சொத்து விவரமும் பழைய வரி ரசீதும் இதற்குப் போதும்.

இரண்டு பெயரும் ஒரே தாளில்

உடையவரையும் குடியிருந்தவரையும் ஒன்றாகக் காட்டும் காகிதம் வாடகை வழக்குக் கட்டு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி சென்னையில் இந்த வழக்குகள் சிறுவழக்கு நீதிமன்றத்துக்குப் போயின. சீராய்வுக்காக உயர் நீதிமன்றம் வரை வந்தவற்றின் தீர்ப்புகளில் கணிசமானவை இணையத்தில் இருக்கின்றன. தெருப் பெயரையும் கதவு எண்ணையும் சேர்த்துத் தேடினால் அகப்படும். வாடகைக்காரர் எந்த ஆண்டு குடிவந்தார், மாடியா, முன்கட்டா, பின்கட்டில் ஒரு போர்ஷனா, மாத வாடகை எவ்வளவு, வீட்டுக்காரர் ஏன் காலி செய்யச் சொன்னார், இடித்துக் கட்டவா, மகன் கல்யாணத்துக்கா என்பதுவரை தீர்ப்பின் முதல் சில பத்திகளிலேயே இருக்கும். வழக்குக்குப் போகாத வீடுகள்தான் அதிகம் என்பதால் இதை நம்பிக் கிளம்ப முடியாது. ஆனால் பத்திரக் கட்டும் வாக்காளர் பட்டியலும் கையில் சேர்ந்த பிறகு, இரண்டிலும் உள்ள பெயர்களைப் போட்டு ஒருமுறை தேடிப் பார்க்காமல் விடக்கூடாது. வாதி பெயர் பத்திரத்தோடும் எதிர்வாதி பெயர் பட்டியலோடும் பொருந்திவிட்டால், அந்த ஆண்டைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கே இடமில்லை.