வாழ்த்து அட்டையில் மணி: ஒட்டலாமா, தைக்கலாமா?

போன பொங்கலுக்கு மதுரையில் இருக்கும் சித்திக்கு ஒரு அட்டை செய்து அனுப்பினேன். பானை நூலில் தைத்தது. பொங்கி வழிகிற நுரைக்கு மட்டும் வெள்ளை சுகர் பீட்ஸை, அதாவது பொடிக் கண்ணாடி மணிகளை, பசை வைத்து ஒட்டியிருந்தேன். நாலு நாள் கழித்து சித்தி போன் செய்தார். "அட்டை நல்லா இருக்குடி, ஆனா கவரைப் பிரிச்சதும் ஜவ்வரிசி மாதிரி தரையெல்லாம் கொட்டிடுச்சு, உங்க சித்தப்பா துடைப்பத்தோட நிக்கிறார்." தபால்காரரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. தப்பு பசைமேல், அதைவிட அதை நம்பிய என்மேல்.

அதனால் இந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றுக்குமாக 24 அட்டை செய்ய உட்கார்ந்தபோது நாலு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்: மணியை ஒட்டுவது, அட்டையிலேயே நூலால் தைப்பது, மேட்டித் துணியில் (குறுக்குத் தையலுக்கான, கட்டம் கட்டமாக நெய்த துணி) தைத்து அட்டையில் பதிப்பது, மணியையே அட்டையில் தைப்பது.

ஒட்டுவதுதான் எல்லாவற்றிலும் வேகம், பத்து நிமிஷத்தில் ஒரு அட்டை முடிந்துவிடும், பிள்ளைகளும் கூட உட்கார்ந்து செய்யலாம். ஆனால் உருண்டையான கண்ணாடி மணி அட்டையைத் தொடுவது ஒரு புள்ளியில்தான், அதுவும் வழுவழுப்பு. அட்டை வழியில் லேசாக வளைந்தால் போதும், பட்டென்று விட்டுவிடும். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால் அட்டை வேறு அலை அலையாக நெளியும். க்ளூ கன் இன்னும் மோசம், நூலாம்படை மாதிரி இழை இழையாக வரும், பளபளப்பான அட்டையிலிருந்து கட்டியாகவே உரிந்து வந்துவிடும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. குந்தன், பாதி முத்து, சம்கி என்று அடிப்பக்கம் தட்டையாக இருப்பவை துணிக்கான பசையில் நன்றாகவே நிற்கின்றன, ஏனென்றால் அவை முழுசாக அட்டையில் படிந்து உட்காருகின்றன. ஆக, தட்டையானதை ஒட்டலாம், உருண்டையானதை ஒட்டவே வேண்டாம்.

அடுத்தது அட்டையிலேயே தைப்பது. செலவையும் நேரத்தையும் பார்த்தால் இதை மிஞ்ச ஆளில்லை. முதலில் துளை, அப்புறம்தான் நூல். பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் அட்டை, அதன்மேல் வரைந்த தாள், ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸின் முள்ளால் குத்திக்கொண்டே போக வேண்டியதுதான். துளைக்கும் துளைக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. விடுங்கள், நெருக்கிக் குத்தினால் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து கையோடு வந்துவிடும். சார்ட் பேப்பர் இதற்குத் தாங்காது. 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள ஐவரி போர்டு என்கிற கெட்டி அட்டை வேண்டும், அல்லது புதுச்சேரி பக்கம் கிடைக்கிற பருத்தி நார் கலந்த ஹேண்ட்மேட் பேப்பர், அதில் நார் நீளமாக இருப்பதால் துளை அவ்வளவு சீக்கிரம் பிளக்காது. வீட்டில் சேர்ந்து கிடக்கிற கல்யாணப் பத்திரிகைகளையும் எடுத்துப் பார்த்தேன். பளபளப்புப் பூச்சு உள்ளவை மடிக்கிற இடத்தில் வெடிக்கின்றன, பூச்சு இல்லாதவை அருமை.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வளைவு வரையவே வேண்டாம். கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடு, நடுவிலிருந்து விரிகிற நாலு கையிலும் 5 மி.மீ. இடைவெளியில் எட்டெட்டுத் துளை, மொத்தம் 32. ஒரு கையின் உட்பக்கத்து முதல் துளையைப் பக்கத்துக் கையின் கடைசித் துளையோடு சேர்க்கிறோம், இரண்டாவதை ஏழாவதோடு, மூன்றாவதை ஆறாவதோடு, இப்படியே போனால் எல்லாம் நேர்கோடுதான், ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு உள்வாங்கிய வளைவோடு நாலு முனை நட்சத்திரம் தெரியும். கடைசித் துளையில் ஊசியை இறக்கியதும் திரும்ப முதல் துளைக்கு ஓடாமல் பக்கத்துத் துளையில் ஏற்றினால் பின்பக்கம் குட்டிக் குட்டித் தையல் மட்டும்தான் விழும், நூல் பாதி மிச்சம். ஆங்கர் எம்ப்ராய்டரி நூல் ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர். ஒரு நட்சத்திரத்துக்கு வால் விடுவதையும் சேர்த்து ஒன்றரை மீட்டர் போகிறது என்றால் ஒரே கண்டில் 16 அட்டை! நான் முதல் அட்டையை முக்கால் மணி நேரத்தில் முடித்தேன், ஐந்தாவது அட்டைக்குள் அரை மணிக்கு வந்துவிட்டேன்.

பட்டு நூலிலும் ஜரியிலும் முயன்றேன். பட்டு நூல் மினுமினுப்பாக இருந்தாலும் பிடித்து நிற்காமல் வழுக்குகிறது. ஜரி துளை ஓரத்தை அறுக்கிறது, தானும் பிரிகிறது. ஜரி வேண்டியே தீரும் என்றால் முழ நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள்.

மேட்டித் துணியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் குறுக்குத் தையல் போட்ட கைகளுக்கு அது அத்துபடி, அழகும் கூடுதல், ஆனால் ஒரு சின்ன 'பெல்' உருவத்துக்கே மூன்று சாயங்காலம் போயிற்று. அட்டையை மூன்றாக மடித்து நடு மடிப்பில் ஜன்னல் வெட்டித் துணியைப் பதிக்க வேண்டும், அதில் தடிமனும் ஏறிவிடுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சிலிருந்து சிப்பாய்கள் வீட்டுக்கு அனுப்பிய பட்டு அஞ்சலட்டைகள் இந்த வழிதான், மெல்லிய பட்டு வலைத்துணியில் ஒரே படத்தை வரிசையாகத் தைத்து, வெட்டி, அட்டையில் பதித்தவை. அவ்வளவு பொறுமை இருக்கிறவர்கள் தாராளமாகச் செய்யலாம், ஒரே ஒரு அட்டை, அதுவும் ரொம்ப வேண்டியவருக்கு என்றால் நானும் செய்வேன்.

கடைசியாக, மணியைத் தைப்பது. நான் இதில்தான் வந்து நின்றேன், ஆனால் ஒரு தடவை அழ வைத்த பிறகு. எம்ப்ராய்டரி ஊசியின் காது சுகர் பீட்ஸுக்குள் நுழையாது, 10ஆம் நம்பர் மெல்லிய ஊசியும் சாதாரணத் தையல் நூலும் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் அளவில் இருக்கிறது. சுகர் பீட்ஸ் சுமார் 2 மி.மீ., துளைக்கு வேண்டிய இடைவெளியோ 3 மி.மீ. மணிக்கு ஏற்ற மாதிரி 2 மி.மீ.யில் குத்தினால் அட்டை கிழிகிறது, 3 மி.மீ.யில் குத்தினால் மணி தொளதொள என்று ஆடுகிறது. இரண்டு அட்டையைப் பாழாக்கிய பிறகுதான் புத்தி வந்தது: மணியையே 3 மி.மீ. அளவில் வாங்கினால் தீர்ந்தது. ஒவ்வொரு மணிக்குள்ளும் நூல் இரண்டு முறை போக வேண்டும், நாலு மணிக்கு ஒரு முடிச்சு போட வேண்டும், அப்போதுதான் ஓரிடத்தில் அறுந்தாலும் மிச்சம் கொட்டாது. ஆரி (கொக்கி ஊசியால் துணியில் போடுகிற எம்ப்ராய்டரி) கற்றவர்கள் ஆரி ஊசியிலேயே போடலாமே என்பார்கள். போட்டுப் பார்த்தேன். அதற்கு மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டிய துணி வேண்டும், அட்டையில் அந்தக் கொக்கி மேலே வரும்போதே துளையைப் பிய்த்துக்கொண்டு வருகிறது.

முழுப் படத்தையும் மணியால் நிரப்ப ஆசைப்பட வேண்டாம். கோடு நூலில், புள்ளி மணியில், அது போதும். இதற்கென்றே நம்மிடம் இருக்கிறதே சிக்குக் கோலம்! 1, 3, 5, 3, 1 என்று 13 புள்ளி வைத்தேன், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மணி, அதைச் சுற்றி வருகிற கோடு வெள்ளை நூலில் பின்தையல், செங்கல் நிற அட்டையில். துளை மட்டும் 150க்கு மேல் வந்தது. கோடும் கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில் துளை போடாமல் ஒரு தையலை நீளமாக மேலே தாண்டவிட வேண்டும், இல்லையென்றால் அங்கே நாலு துளை நெருங்கி ஒரே ஓட்டையாகிவிடும். இரண்டு மணி நேரம் ஆனது. நட்சத்திரத்தைவிட நாலு மடங்கு வேலை, சரி, ஆனால் விளக்கு வெளிச்சத்தில் அந்த 13 மணியும் விடிகாலை வாசலில் ஈரக் கோலத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இனி தபால். சாதாரணத் தபாலுக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். ஏ4 அளவு 300 ஜிஎஸ்எம் அட்டையில் பாதியை மடித்தால் 9.4 கிராம், கவரும் பின்பக்கத் தையலை மறைக்க ஒட்டுகிற தாளும் சேர்ந்து 15 கிராமுக்குள் நிற்கும், மீதி 5 கிராமில் 3 மி.மீ. மணி நூற்றுக்கு மேலேயே வைக்கலாம். எனவே எடை பிரச்சினையே இல்லை, மேடுதான் பிரச்சினை. தபால்தலை வலது மேல் மூலையில்தானே இருக்கும், முத்திரை ஓங்கிக் குத்துவதும் அங்கேதான், அதனால் அட்டையை எந்தப் பக்கமாகக் கவரில் நுழைக்கிறோம் என்று பார்த்து, மணி அந்த மூலைக்குக் கீழே வராத மாதிரி வைக்கவும். மேலே மெல்லிய ஃபோம் ஷீட் ஒரு துண்டு வைத்தால் இன்னும் நல்லது. செலோ டேப்பால் நூல் முனையை ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நாலு வருஷத்தில் அது மஞ்சளாகி முன்பக்கம் வரை கறை காட்டும், வெறும் தாள் ஒட்டினாலே போதும்.

என் 24 அட்டையில் 17 நூல் நட்சத்திரம், பசையில் சம்கி வைத்தது 4, துணி ஒன்று, கோலம் 2. கோலத்தில் ஒன்று சித்திக்குப் போகிறது. மொத்தம் 13 மணி, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளே எழுதியிருக்கிறேன்.