நொய்யல் கரையில மாட்ஃப்ளோ 6: ஓசியில கெடைச்ச சாமானை உப்புக் கெணத்துல ஓட்டிப் பாத்தேன்

ஆறு மாசமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேனுங்க, அதனால இப்ப தைரியமா எழுதலாம். மாட்ஃப்ளோ 6, அமெரிக்காவோட ஜியாலஜிக்கல் சர்வே குடுக்குற நிலத்தடி நீர் சாப்ட்வேர். மொத மாட்ஃப்ளோ 1984-லயே வந்துருச்சு, இந்த 6 வந்தது 2017-ல. தண்ணியில கரைஞ்ச உப்பு மண்ணுக்குள்ளாற எப்படி நகருதுன்னு பாக்குற பகுதி 2020-லதான் இதுலயே சேந்துச்சு, அதுக்கு முன்னாடி எம்டி3டிஎம்எஸ்னு தனியா ஒண்ணை எறக்கி ஓட்டணும். பைசா செலவில்ல, லைசென்ஸ் கீ இல்ல, டிரையல் முடிஞ்சுபோச்சுன்னு மெரட்டறதும் இல்ல.

எனக்கு எதுக்கு இந்த வேலைன்னா, பெரியப்பா தோட்டம் சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ. அந்த அணைக் கதை நம்ம பக்கத்துல எல்லாருக்கும் தெரியும், பாசனத்துக்குன்னு கட்டி 1992-ல தொறந்தாங்க, திருப்பூர் சாயத்தண்ணி வந்து தேங்கி நின்னுச்சு. 2011-ல ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, கழிவை ஆத்துல விடாம சுத்திகரிச்சுத் திருப்பி எடுத்தாத்தான் ஓட்டலாம்னு ஆச்சு. ஆனா கெணத்துல போன உப்பு கெணத்துலயேதான் இருக்குது. போன சித்திரையில டிடிஎஸ் மீட்டரை (தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டறது) வாளியில விட்டுப் பாத்தேன், லிட்டருக்கு 3,400 மில்லிகிராம். குடிக்கிறதுக்கு 500 இருந்தா நல்லது, வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. இந்த உப்பு எப்பத்தான் போகும்னு பெரியப்பா கேட்டாரு, அதுக்குத்தான் ஆரம்பிச்சேன்.

இதுக்குன்னு அழகான ஸ்கிரீன் எல்லாம் கெடையாது, கருப்பு ஜன்னல் ஒண்ணு தொறந்து ஓடி மூடிக்கும், இன்புட் பூரா டெக்ஸ்ட் ஃபைல். மவுஸ்ல படம் வரைஞ்சு பண்ணனும்னா அதே ஆளுங்க மாடல்மியூஸ்னு ஒண்ணு இலவசமா வெச்சிருக்காங்க, பைத்தான்ல புரோகிராம் எழுதத் தெரிஞ்சா ஃப்ளோபை. நான் மாடல்மியூஸ்ல ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல ஃப்ளோபைக்கு ஓடிட்டேன், ஒரே மாடலை முப்பது தடவை மாத்தி மாத்தி ஓட்டறப்ப மவுஸ் புடிச்சு கை வலிக்குது. நெலத்தை அம்பது மீட்டர் கட்டமாப் பிரிச்சுக்கிட்டேன், நூறு வரிசை, எம்பது நெரை, மூணு அடுக்கு. என் பழைய எட்டு ஜிபி லேப்டாப்புல தண்ணி மட்டும் ஓட்டுனா டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சுரும், உப்பையும் சேத்துட்டா ராத்திரி போட்டுட்டுப் படுத்துக்கலாம். பெரியப்பா படத்தைப் பாத்துட்டு நம்ம கெணறு எங்க கண்ணுன்னாரு. ஒரு கட்டத்தைக் காட்டுனேன். கெணறு, மோட்டார் ரூம், கட்டுத்தறி எல்லாம் அதே ஒரு கட்டத்துக்குள்ளதான் இருக்குதுன்னதும் சிரிச்சுட்டாரு.

இனி நான் பண்ணுன கூத்து. இது எல்லாத்துக்கும் அடியில இருக்கறது டார்சி விதி, பிரான்ஸ்ல டிஜான் நகரத்துக் குடிதண்ணி வேலை பாத்த ஹென்றி டார்சி மணல் நெரப்புன குழாய்ல தண்ணி விட்டுப் பாத்து 1856-ல எழுதுனது. அது குடுக்குற வேகம் உப்பு போற நெசமான வேகம் இல்ல, மண்ணு மொத்தத்துல தண்ணி ஓடற இடைவெளி எத்தனை பங்கோ அந்த எண்ணால வகுக்கணும். நான் காலேஜ்ல மணலுக்குப் படிச்ச 0.25-ஐ அப்படியே போட்டுட்டேன். ஆத்துல இருந்து உப்பு கெணத்துக்கு வர நாப்பது வருஷம்னு காட்டுச்சு. அட, அணை தொறந்து கொஞ்ச வருஷத்துலயே கெணறு கெட்டுப்போச்சே! நம்ம ஊர் மணலா என்ன, மேல கொஞ்சம் செம்மண்ணு, அப்புறம் ஓடக்கல்லு, அதுக்குக் கீழ வெடிப்பு விட்ட பாறை. 0.02-ன்னு மாத்துனேன், மூணு வருஷம்னு வந்துச்சு. சாப்ட்வேர் ஒரு எச்சரிக்கையும் குடுக்கல, குடுக்கவும் செய்யாது. நீங்க என்ன ஊத்தறீங்களோ அதைத்தான் அரைக்கும்.

அப்புறம் அடுத்த வெசனம். அதே 0.02-ஐ வெச்சு இனி வரப்போற வருஷங்களுக்கு ஓட்டுனா நாலஞ்சு மழைக்காலத்துல கெணறு எளநீர் மாதிரி ஆயிரும்னு சொல்லுது. பெரியப்பா ஒத்துக்கல. "ஏங்கண்ணு, மழை பேஞ்சா ரெண்டு மாசம் நல்லாத்தான் இருக்குது, நாலு நாள் மோட்டாரை நிறுத்தி வெச்சு மறுக்கா போட்டா மொதத் தண்ணி அதே கடுப்புதான்"னாரு. இந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. வெடிப்புல ஓடற தண்ணி சீக்கிரம் கழுவிட்டுப் போயிருது, ஆனா பக்கத்துல ஊறிக் கெடக்குற ஓடக்கல்லுல இருக்கிற உப்பு மெதுவா கசிஞ்சு திரும்ப வெடிப்புக்கே வருது. இதுக்குன்னே ஐஎஸ்டின்னு ஒரு பேக்கேஜ் இருக்குது, ஓடற தண்ணியையும் ஓடாம நிக்கிற தண்ணியையும் தனித்தனியா வெச்சு ரெண்டுக்கும் நடுவுல உப்பு மாறிக்கிற மாதிரி கணக்குப் போடும். அதைச் சேத்ததும் மோட்டார் நிறுத்துனா உப்பு ஏறுச்சு, போட்டா எறங்குச்சு, அப்படியே பெரியப்பா சொன்ன மாதிரி. இந்த எடத்துலதான் எனக்கு இந்தச் சாமான் மேல மரியாதை வந்துச்சு.

கொறையும் சொல்லிடறேன். உப்பை நகத்தற கணக்குக்கு நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா அப்ஸ்ட்ரீம் முறையை எடுத்துக்கும், அதாவது தண்ணி வர்ற பக்கத்துக் கட்டத்தோட உப்பளவை அப்படியே வெச்சுக்கும். ஸ்திரமா ஓடும், ஆனா அம்பது மீட்டர் கட்டத்துக்குத் தானாவே இருவத்தஞ்சு மீட்டர் அளவுக்கு உப்பைப் பரப்பி விட்டுரும், உப்பு பரவற அளவுன்னு நான் குடுத்ததே பத்து மீட்டர்தான்! டிவிடி (TVD)-ன்னு இன்னொரு கணக்கு முறை இருக்குது, அதுக்கு மாத்திக்கோங்க, நேரம் கூட ஆகும், பரவால்ல. மேல் அடுக்கு வேனக்காலத்துல காஞ்சு போற எடத்துல கணக்கு தடுமாறாம இருக்க நியூட்டன் ஆப்ஷனை மறக்காம போடுங்க. யூனிட்டை நீங்கதான் ஒரே மாதிரி பாத்துக்கணும், மீட்டரும் அடியும் கலந்தா அதுக்குத் தெரியாது. போர்காரங்க எல்லாரும் அடியிலதான் சொல்லுவாங்க, நான் ஒரு தடவை அறுநூறு அடி போரை அறுநூறு மீட்டர்னு போட்டுட்டேன்.

இதை வெச்சு போர் பாயிண்ட் பாக்கலாமான்னு ஒரு கூட்டாளி கேட்டான். வேண்டாங்க. ஒவ்வொரு வெடிப்பும் எங்க இருக்குதுன்னு இதுக்குத் தெரியாது, மொத்தப் பாறையையும் ஒரு ஸ்பாஞ்சு மாதிரி நெனச்சுக்குது. அதுக்குத் தேங்காய் வெச்சுப் பாக்குறவரைக் கூப்புடறதும் இதை நம்பறதும் ஒண்ணுதான். உப்பு எந்தப் பக்கம் போகுது, பத்து வருஷமா இருவது வருஷமா, ரெண்டு கெணத்துல எதுல மோட்டாரை அதிகமா ஓட்டலாம், இந்த மாதிரி கேள்விக்கு ஓட்டுங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். கொறைச்ச அந்த ஒண்ணு மேனுவலுக்கு, எல்லாமே அதுல இருக்குது, ஆனா மொத தடவை படிக்கிறவனுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. ஐப்பசி மழை நல்லா வந்தா தை மாசம் 2,600 பக்கம் வரும்னு என் மாடல் சொல்லுது, பெரியப்பா 3,000-க்குக் கீழ எறங்காதுங்கறாரு. மீட்டரைச் சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன்.