மேற்கோள் எண்ணிக்கையா, கூட்டு உழைப்பா?

ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கு எவ்வளவு தாக்கம் என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு: அவர் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணலாம், இல்லையென்றால் யாரோடெல்லாம் சேர்ந்து உழைத்தார் என்று பார்க்கலாம்.

முதல் வழிக்குப் பிரபலமான கணக்கு, இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் கொண்டுவந்த எச்-இன்டெக்ஸ். ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. சுலபம்தான். ஆனால் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் மேல் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை இன்று 'எவர்ஷெட் விளைவு' என்றே சொல்கிறார்கள். பெயரே போதும் என்றான பிறகு மூலக் கட்டுரையை யார் குறிப்பிடப் போகிறார்கள்? இவ்வளவு பெரிய தாக்கம் கணக்கில் வராமலே போய்விடும். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

சரி, கூட்டு உழைப்பு? ஊட்டியில் இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வகம், 2014 டிசம்பரில் வந்த ஓர் இடிமேகத்தில் சுமார் 130 கோடி வோல்ட் இருந்ததை அந்தக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களை வைத்து அளந்தது. தனி ஆளால் முடிகிற வேலையா இது! கருவியைக் கட்டிப் பராமரிப்பவரின் உழைப்பும் இந்த வழியில் தெரியவரும். ஆனால் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையைப் பற்றி 2015-ல் வந்த கட்டுரை ஒன்றில் 5,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். அதில் யார் என்ன செய்தார் என்று பெயர்ப் பட்டியல் சொல்லாது.

இளம் ஆய்வாளர் என்றால் நான் கூட்டு உழைப்பைத்தான் முதலில் பார்ப்பேன். மேற்கோள்கள் சேர வருடங்கள் ஆகும்.