டெக்ஸாஸ் காட்டுப்பன்னி: சுடுறதா, பட்டி போட்டுப் பிடிக்கிறதா?

டெக்ஸாஸ் மாட்டுப்பண்ணையில (ரான்ச்) ஒரே ராத்திரியில பன்னிக்கூட்டம் புல்வெளிய ஏர் ஓட்டின மாதிரி கிளறிட்டுப் போயிடும், பாவம் அந்த விவசாயிங்க.

சுடுறதுல பலன் உடனே தெரியும், உடம்புச் சூட்ட வச்சு இருட்டுலயும் காட்டுற தெர்மல் ஸ்கோப்ப துப்பாக்கியில மாட்டிக்கிட்டு ராத்திரியில போறாங்க, 2011ல சட்டம் மாத்தி வேட்டைக்காரங்க காசு கட்டி ஹெலிகாப்டர்ல இருந்து சுடவும் விட்டுட்டாங்க, ஆனா ரெண்டு மூணு விழுந்ததும் மிச்சமெல்லாம் சிதறி பக்கத்து நிலத்துக்கு ஓடிடும், அப்புறம் உஷாராயிடும். இன்னொரு அமெரிக்க மாநிலமான மிசௌரியில 2016ல இயற்கைப் பாதுகாப்புத் துறை தன் நிலங்கள்ல பன்னி வேட்டையவே தடை பண்ணுச்சு, கூட்டம் கலைஞ்சு பரவுறது அதுக்கு முக்கியமான காரணம்.

பொறின்னா, சின்னப் பெட்டிக்கூண்டு வேண்டாங்க, ஒண்ணு ரெண்டுதான் மாட்டும், வெளிய நின்னு பாத்த தாய்ப்பன்னி அப்புறம் கூண்டுப்பக்கமே வராது. கம்பிவலை பேனல்ல பெரிய வட்டமா பட்டி கட்டி, கதவத் திறந்தே வச்சு, நாள்கணக்கா மக்காச்சோளம் போட்டுப் பழக்கணும், கேமராவுல பாத்து மொத்தக் கூட்டமும் உள்ள வந்தப்புறம்தான் போன்லயே கதவ விழவைக்கணும். செலவு அதிகம், பொறுமையும் வேணும்.

என்னைக் கேட்டா பட்டிதான் மொதல்ல, தப்பிச்ச ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் கடைசியா துப்பாக்கி.