மொட்டை மாடித் தோட்டம்: வெட்ட வெளியா, பச்சை வலையா, பாலித்தீன் கிரீன்ஹவுஸா?

வெளிநாட்டுக்காரங்க கண்ணாடி கிரீன்ஹவுஸுக்குள்ள ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கையில டீ கப்போட தக்காளி பறிக்கிற வீடியோவ பாத்துட்டு, நம்ம மாடியிலயும் இப்படி ஒண்ணு போட்டா என்னன்னு ஒரு தடவையாவது யோசிக்காத தோட்டக்காரங்க சென்னையில ரொம்ப கம்மி. ஆன்லைன்லயும் ஜிப் வச்ச பாலித்தீன் கூடாரம், உள்ள நாலு தட்டு ஸ்டாண்டோட கெடைக்குது, போட்டோவுல பாத்தா கை சும்மா இருக்காது. நர்சரில கேட்டா பச்சை வலையக் காட்டி "ஷேட் நெட் போதும் சார்"னு முடிச்சிடுவாங்க. பக்கத்து மாடி மாமி இது ரெண்டுமே இல்லாம மொட்ட வெயில்ல கத்தரிக்கா காய்ச்சு தள்றாங்க. அப்ப எதுதான் சரி?

எது எத்தன கிலோ குடுக்குதுன்னு நான் பாக்கப் போறதில்ல, கிலோ கணக்குக்கு கோயம்பேடு இருக்கு. அந்த எடத்துல மனுஷன் எவ்ளோ நேரம் நிக்க முடியுதுங்கறதுதான் என்னோட அளவுகோல். இது சும்மா சொகுசுக்காக சொல்றது இல்ல. மாவுப்பூச்சியும் சிவப்பு சிலந்தியும் மொதல்ல இலைக்கு அடியிலதான் வரும், பொறுமையா இலைய திருப்பி பாக்கறவங்களுக்குத்தான் அது தெரியும், ரெண்டு நிமிஷத்துல தண்ணிய ஊத்திட்டு வெயிலுக்கு பயந்து கீழ ஓடறவங்களுக்கு செடி வெளுத்தப்பறம்தான் தெரியும்.

மொதல்ல கிரீன்ஹவுஸ். இது குளிர் ஊருக்காக பொறந்த சாமான். வெயில் ஷீட்டு வழியா உள்ள போகும், மண்ணும் இலையும் சூடாகும், சூடான காத்து வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்தும், அவ்ளோதான் அதோட வேலை. பாண்டி பஜார்ல மத்தியானம் ஜன்னல ஏத்திட்டு நிறுத்துன காருக்குள்ள என்ன நடக்குமோ அதேதான். பனி விழற ஊருக்கு இது வரம். நமக்கு? சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மையத்துல இதுவரைக்கும் பதிவான ரொம்ப குளிரான ராத்திரியே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தின கதை. வெயில் பக்கம் பாத்தா 2003 மே மாசம் 45 டிகிரி தொட்டிருக்கு. நம்ம செடிக்கு குளிர்ல இருந்து யாரும் பாதுகாப்பு கேக்கல.

தக்காளிய எடுத்துக்கோங்க, பகல்ல 35 டிகிரிய தாண்டி ராத்திரியும் புழுக்கமா இருந்துச்சுன்னா மகரந்தம் வீணாப் போயிடும், பூ வரும், காம்போட உதிரும். கூடாரத்துக்குள்ள மாசி மாசத்துலயே பகல் பதினோரு மணிக்கு அந்த சூடு வந்துடும். ஜிப்ப தொறந்து வச்சா சூடு எறங்கும்தான், ஆனா தொறந்தே வைக்கறதுக்கு எதுக்கு ஜிப்பு? சரி மூடியே வச்சா வெள்ளை ஈயாவது உள்ள வராதுன்னு சொல்லுவாங்க, ஆனா நாத்தோட ஒண்ணு ரெண்டு உள்ள போயிடுச்சுன்னா அதப் புடிச்சு திங்க ஒரு சிலந்தியோ பொறிவண்டோ கூட உள்ள வராது, அப்பறம் அது ராஜ்ஜியம்தான். தேனீயும் வராது, பாகலுக்கெல்லாம் ஆண் பூவ பறிச்சு பெண் பூவுல நாமளே தேய்க்கணும். அதுல ஒரு சந்தோஷம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா தெனமும் காலைல ஆபீஸ் கெளம்பற நேரத்துல பூவுக்கு கல்யாணம் பண்ணி வைக்க எத்தன பேரால முடியும்?

"அப்ப ஓசூர்ல பாலிஹவுஸ்ல ரோஜா வளக்கறாங்களே, நீலகிரில கார்னேஷன் வளக்கறாங்களே"ன்னு கேப்பீங்க. அது மலையும் மேட்டு நிலமும் இருக்கற ஊரு, பகல் சூடே வேற, அந்த கூரையெல்லாம் ஒசரமா இருக்கும், மேல சூடு போக வழி விட்டிருப்பாங்க. நாம வாங்கற ஆறடி கூடாரத்துக்கும் அதுக்கும் பேர் மட்டும்தான் ஒண்ணு.

இவ்ளோ திட்டினாலும் கூடாரத்துக்குன்னு ஒரு காலம் இருக்கு. கார்த்திகை மார்கழி விடியக்காலைல, ராத்திரியெல்லாம் மழை பேஞ்சு ஓஞ்சப்பறம் அந்த ஜிப்ப எறக்கினா உள்ள இருந்து ஈர மண்ணு, பெரணி, துளசி எல்லாம் கலந்து ஒரு வாசன முகத்துல வந்து மோதும் பாருங்க, அது வேற எங்கயும் கெடைக்காது. நாத்து விடவும் ரோஜா குச்சி, செம்பருத்தி குச்சி வேர் புடிக்கவும் அந்த ஈரக்காத்து நல்லது. ஆனா அதுக்கு மட்டும்னா இருபது லிட்டர் தண்ணி கேன அடிய அறுத்துட்டு தொட்டி மேல கவுத்தாலே போதும், பழைய கேன் எந்த வீட்லயும் இருக்கும். கண்ணாடி மாளிகைய கண்ணால பாக்கணும்ங்கற ஆசைன்னா 2024ல கதீட்ரல் ரோட்ல தொறந்த கலைஞர் நூற்றாண்டு பூங்காவுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.

இப்ப ஷேட் நெட்டுக்கு வரேன், எனக்கு புடிச்ச கட்சி இதுதான்னு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். பச்சை வலைக்கு கீழ சித்திரை மாசம் காலைல ஒம்போது மணிக்கும் ஸ்டூல் போட்டு உக்காந்து பேப்பர் படிக்கலாம். வெயில் துண்டு துண்டா விழும், காத்து நாலு பக்கமும் போகும், தண்ணி ஊத்தின மண்ணு சாயங்காலம் வரைக்கும் காயாது. 2019 கோடைல ஏரியெல்லாம் வத்தி லாரித் தண்ணிக்கு நின்னவங்களுக்கு இந்த கடைசி விஷயத்தோட அருமை தெரியும். ஏசில இருந்து சொட்டற தண்ணிய பக்கெட்ல புடிச்சா வலைக்கு கீழ இருக்கற கீரைத் தொட்டிக்கு அதுவே கணிசமா ஓடும் (ஆர்ஓ வேஸ்ட் தண்ணிய அப்படியே ஊத்தாதீங்க, உப்பு மண்ணுல தங்கிடும்).

வாங்கும்போது பர்சென்ட்ட கேட்டு வாங்கணும். 50 பர்சென்ட்னா பாதி வெயில தடுக்கும், காய்கறிக்கு அதுவே அதிகபட்சம். 75 ஆர்க்கிட், ஆந்தூரியம், பெரணிக்கு. 90 வாங்கிட்டு வந்து மிளகாய் வைக்கறவங்கள பாத்திருக்கேன், செடி வெயிலத் தேடி ஒல்லியா ஒசந்துக்கிட்டே போகும், பூக்காது, அது கார் ஷெட்டுக்கு போடற வலை. டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டெல்லாம் சென்னை புழுக்கத்துக்குன்னே பண்ணின மாதிரி, கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் போட்ட தொட்டியில வலைக்கு கீழ தொங்க விட்டா வாரக்கணக்குல பூ நிக்கும். கோடையிலயும் கொத்தமல்லி கொஞ்சமாச்சும் தலை காட்டறது இங்கதான். தொங்கற தொட்டிக்குள்ள கொண்டைக்குருவி கூடு கட்டும், அப்படி கட்டிடுச்சுன்னா குஞ்சு பறக்கற வரைக்கும் அந்த தொட்டிக்கு தண்ணி கெடையாதுன்னு வீட்ல பிள்ளைங்க சட்டம் போட்டுடும்.

கொறைன்னா, பச்சை வெளிச்சத்துல எதப் பாத்தாலும் நோய் புடிச்ச மாதிரியே தெரியும், போட்டோ எடுத்தா நம்ம மூஞ்சியும் அப்படித்தான். இலை மஞ்சளாயிருக்கா இல்லையான்னே சந்தேகம் வந்தா தொட்டிய வெளிய தூக்கிட்டு வந்து பாக்கணும். வெள்ளை வலைல அந்த தொல்லை இல்ல. இன்னொண்ணு, வலை மழைய நிறுத்தாது. சாரல் வலைல சேந்து பெரிய பெரிய சொட்டா விழும், சின்ன நாத்து சாஞ்சுடும்.

வெட்ட வெளிய பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல, செலவே கெடையாது, தை மாசம் வந்துட்டா அத மிஞ்சவும் எதுவும் கெடையாது. மார்கழில இருந்து மாசி வரைக்கும் தக்காளி, அவரை, முள்ளங்கி எல்லாம் தானா வரும், மனுஷனும் மத்தியானம் வரைக்கும் நிக்கலாம். மல்லிகைப்பூச் செடி, கறிவேப்பிலை, வெண்டை, அடினியம் இதெல்லாத்தையும் எந்த வலைக்கு கீழயும் கொண்டு போகாதீங்க, முழு வெயில் கேக்கற சாதி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பீர்க்கம்பூ மஞ்சளா விரியும், இருட்டினா புடலம்பூ வெள்ளையா நூல் நூலா விரிஞ்சு அதுக்கு அந்துப்பூச்சி வரும், மொட்டு மல்லிய பறிச்சுக்கிட்டே அதெல்லாம் பாக்கற ஒரு மணி நேரம் தொறந்த மாடிக்காரங்களோட சொத்து. ஆனா கத்திரி வெயில் காலத்துல அதே தரை ராத்திரி ஏழு மணிக்கும் கால சுடும், க்ரோ பேக்க (செடி வளக்கற பை) நேரா தரையில வச்சிருந்தா ஓரத்து வேர் வெந்துடும், செங்கல்லோ ஸ்டாண்டோ குடுத்து தூக்கி வைக்கணும்.

இதுல ஒண்ண மட்டும்தான் தேர்ந்தெடுக்கணும்னு யாரு சொன்னாங்க? பைப் ஃப்ரேமுக்கும் வெல்டிங்குக்கும்தான் காசு போகுது, மேல போடற துணி அதுல ஒரு சின்ன பங்கு. அதனால எட்டடி ஒசரத்துக்கு ஜிஐ பைப்ல ஒரு ஃப்ரேம் மட்டும் நிரந்தரமா நிக்கட்டும், மேல இருக்கறத மாத்திக்கலாம். பங்குனி பொறக்கறப்ப 50 பர்சென்ட் வலை ஏறட்டும், மேலயும் மேக்கு பக்கமும் மட்டும், மத்த பக்கம் தேனீ வரட்டும். ஆடில விதை போட்டாலும் ஆவணி புரட்டாசி வெயில் நம்மூர்ல லேசுப்பட்டதில்ல, வலை அப்படியே இருக்கட்டும். ஐப்பசில வடகிழக்கு மழை ஆரம்பிச்சதும் நாத்து இருக்கற ஒரு மூலைல மட்டும் 200 மைக்ரான் யூவி ஷீட்ட (வெயில்ல சீக்கிரம் நொறுங்காத பாலித்தீன்) கூரையா சாய்வா போடுங்க, பக்கமெல்லாம் தொறந்தே இருக்கணும். கேரளாவுல மழை மறைப்புன்னு இதத்தான் பண்றாங்க, கிரீன்ஹவுஸோட நல்லது வரும் வேக்காடு வராது. தை பொறந்ததும் எல்லாத்தையும் சுருட்டி பரண்ல போட்டுட்டு வெட்ட வெளியா விட்டுடுங்க.

புயல் எச்சரிக்கை வந்தா ஷீட்ட மொதல்ல எறக்கணும். வலைல காத்து கொஞ்சம் புகுந்து போகும், ஷீட்டு பாய்மரமா மாறி ஃப்ரேமயே தூக்கும், 2016 டிசம்பர் 12 வர்தாவுல மரமே வேரோட விழுந்த ஊர் இது. அதனால கேபிள் டை போட்டு இறுக்காம, ஒரு ஆள் பத்து நிமிஷத்துல அவுக்கற மாதிரி கயித்து முடிச்சா போடுங்க.

அபார்ட்மெண்ட்ல இருக்கவங்க ஃப்ரேம் கால தரையில டிரில் போட்டு நட்டுடாதீங்க, ஒழுக ஆரம்பிச்சா அசோசியேஷன் மீட்டிங்ல அடுத்த மூணு மாசத்துக்கு உங்க பேர்தான் அஜெண்டா. பழைய பெயிண்ட் பக்கெட்ல பைப்ப நிக்க வச்சு கான்கிரீட் ஊத்திட்டா போதும், நாலு மூலைக்கு நாலு பக்கெட், நடுவுல பெரிய க்ரோ பேக்குங்கள ஃப்ரேமோட கட்டிட்டா வெயிட்டும் ஆச்சு. மண்ணுக்கு பதிலா பாதிக்கு மேல கோகோ பீட்டும் (தேங்கா நார்த் தூள்) கம்போஸ்ட்டும் கலந்துக்கோங்க, கூரைக்கு பாரம் கொறையும். வலைய மட்டும் பங்குனி வெயில் ஏர்றதுக்கு முன்னாடியே வாங்கி வச்சுடுங்க, கத்திரி நெருங்கினா எல்லாரும் ஒரே நேரத்துல கெளம்புவாங்க, அப்ப கேட்ட பர்சென்ட் இருக்காது, கடைக்காரர் 90ஐ சுத்தி குடுத்து அனுப்புவாரு.