மங்குஸ்தான் தோல் பொடி: எட்டு மாதம் குடித்துப் பார்த்ததில்

"மாமா, நீங்க குடிக்கிற அந்தப் பொடி பாதி விலைக்கு வந்திருக்கு, அம்மாவுக்கு வாங்கட்டுமா?" என்று அக்கா மகன் போனில் கேட்டான். அவனுக்கு எழுதியதுதான் இது.

பழத்தைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். குற்றாலத்தில் சாரல் விழும்போது வாங்கித் தின்றவர்களுக்குத் தெரியும். அடியில் பூப்போல இருக்கும் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிவிடலாம். விரலால் அமுக்கும்போது தோல் கல்லாக இருந்தால் வாங்காதீர்கள், உள்ளே மஞ்சள் பால் கசிந்து கசக்கும்.

ஆனால் மருந்துச் சரக்கு சுளையில் இல்லை. ஆல்பா மங்கோஸ்டின் முதலான சாந்தோன்கள் என்ற தாவர வேதிப்பொருட்கள் பெரும்பாலும் நாம் குப்பையில் போடும் ஊதாத் தோலில்தான் இருக்கின்றன. வைட்டமின் சி-க்கு என்றால் கொய்யாவே போதும், மங்குஸ்தான் அதன் கிட்டே வராது. அதனால்தான் முட்டிவலிக்குத் தோல் பொடியைப் பிடித்தேன்.

துவர்ப்பைச் சகித்துக்கொள்ளலாம். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்ததுபோல் நாக்கு சுருங்கும், அவ்வளவுதான். கறைதான் தாங்க முடியவில்லை. முதல் வாரமே வேட்டியில் ஒரு சொட்டு. எலுமிச்சை, சவுக்காரம், வெயில் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஊதா பழுப்பானதுதான் மிச்சம். தோல் பதனிடவும் சாயத்துக்கும் பயன்பட்ட சரக்கு இது என்று அப்புறம்தான் தெரிந்தது. டம்ளரின் உட்புறமும் இன்றுவரை வெளுக்கவில்லை.

சரி, முட்டி? இரண்டாம் மாதம் மாடிப்படி ஏறும்போது வலி குறைந்தது உண்மை. ஆனால் அதே மாதம்தான் துணி காயப்போடும் வேலையை மகன் எடுத்துக்கொண்டான். நான் படி ஏறுவதே பாதியாகிவிட்டது. யாருக்கு நன்றி சொல்வது? சாந்தோன்கள் வீக்கத்தைக் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை செல்களிலும் எலிகளிலும் நடந்தவை. டப்பாவில் அதைப் போடமாட்டார்கள். வயிற்றுப்போக்கு வந்த ஒருநாள் மட்டும் பொடி பிரமாதமாகக் கேட்டது. தென்கிழக்கு ஆசியாவில் பாட்டிமார் இந்தத் தோலை அதற்குத்தான் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் அதே குணம் மலச்சிக்கலாக வந்து நின்றது.

கண்ணா, வாங்காதே. சீசனில் அம்மாவுக்கு இரண்டு கிலோ பழம் வாங்கிக் கொடு. என் டப்பாவில் இன்னும் கால்வாசி இருக்கிறது. அதைக் கேட்காதே, காலையில் எனக்கு வேண்டும்.