நீட்சியை அளக்க: உலோக மென்தகடா, திரவ உலோகமா?

மின்தடை மாறுவதை வைத்து நீட்சியை அளக்கும் உணரிகளில் பழையது, கான்ஸ்டன்டன் (செம்பு-நிக்கல் கலவை) மென்தகட்டால் ஆன ஸ்ட்ரெயின் கேஜ். புதியது, சிலிக்கோன் ரப்பருக்குள் மெல்லிய குழாயில் அடைத்த காலியம்-இண்டியம் கலவை. எடையில் சுமார் 75% காலியம், 25% இண்டியம் உள்ள இந்தக் கலவை ஏறக்குறைய 15.5 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்; அதனால்தான் இது திரவ உலோகம்.

சிறிய நீட்சியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 1% நீட்டினால் மின்தடை சுமார் 2% கூடும். வித்தியாசம் அதற்கு அப்புறம்தான் தெரியும். தகடு சில சதவீதம் தாண்டினால் சேதமாகிவிடும். திரவ உலோகத்தை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தாலும் அறுபடாது. நீளம் இரட்டிப்பாகிறது, கன அளவு மாறாததால் குறுக்குப் பரப்பு பாதியாகிறது, ஆக மின்தடை நான்கு மடங்காகிறது. விரல் மூட்டின் அசைவை அளக்க நான் தயங்காமல் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பாதரசத்தைப் போல நச்சு ஆவியும் கிடையாது, இது எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் எடைத் தராசு, பாலம் என்று வந்தால் தகடுதான் சரி. கான்ஸ்டன்டனின் மின்தடை வெப்பத்தால் அதிகம் மாறாது. திரவ உலோகத்துக்கு வெப்பநிலைத் திருத்தம் தேவை. இணைப்புக்கு அலுமினியத்தை மட்டும் தொடவே கூடாது: காலியம் அதன் படிகத் துகள்களுக்கு இடையிலான எல்லைகளுக்குள் ஊடுருவி, கையால் நொறுக்கும் அளவுக்குப் பலவீனமாக்கிவிடும்.

அமிலம், காரம் போன்றவற்றை உணரும் வேதி உணரி என்றால் கதை வேறு. காற்றுப் பட்டதும் காலியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு தோல் படியும். வலுவான அமிலத்திலும் காரத்திலும் அது கரையும். சூழலுக்கு இப்படி மாறும் மேற்பரப்பு கான்ஸ்டன்டன் தகட்டில் இல்லை.